டிஜிட்டல் ஸ்லாட் கார் பந்தய மாலை: ஆறு வண்டி ஓடும் என்பதற்காக ஆறையும் ஓட்ட வேண்டுமா?

மூன்றாம்வளைவு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் ஸ்லாட் கார் (பாதையில் உள்ள பள்ளத்தில் முள் பதிந்து, அதன் இருபுறத் தண்டவாளங்களின் மின்சாரத்தில் ஓடும் சிறு பொம்மை வண்டி) ஓட்டும் 12 பேர் கொண்ட ஒரு சிறு குழுவில் நானும் ஒருவன். பல ஆண்டுகளாக நான்கு தட அனலாக் பாதையில் ஓட்டிவந்த நாங்கள், இந்த ஆண்டுதான் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பிராண்டின் டிஜிட்டல் முறைக்கு மாறினோம். கன்ட்ரோலரில் உள்ள பொத்தானை அழுத்தித் தடம் மாறலாம், முந்தலாம், இரண்டே தடத்தில் ஆறு வண்டிகள் ஓடலாம் என்பதெல்லாம் எங்களை ஈர்த்தன.

ஜூன் தொடக்கத்தில் ஊர்ப் பொதுக்கூடத்தை மாலை 5 மணி முதல் 9 மணி வரை வாடகைக்கு எடுத்து, மேசைகளை ஒட்டிப் போட்டு, ஏறத்தாழ 18 மீட்டர் நீளத்தில் பாதை அமைத்தோம். நான்கு தடமாற்றிகள், ஆறு வண்டிகளுக்கான பவர் பேஸ் (பாதைக்கு மின்சாரமும் கட்டளையும் அனுப்பும் பெட்டி), மடிக்கணினியில் சுற்று எண்ணும் மென்பொருள் என்று எல்லாம் இருந்தன. 20 நிமிடப் பந்தயங்கள் நான்கு நடத்துவதாகத் திட்டமிட்டிருந்தோம். நடந்து முடிந்தவை இரண்டுதான்.

தொடக்கத்திலேயே ஒரு கன்ட்ரோலரை அழுத்தினால் இரண்டு வண்டிகள் ஒன்றாக ஓடின. அதைச் சரிசெய்து பந்தயத்தைத் தொடங்கினால், ஒரு வண்டி புரண்ட இடத்தில் பின்னால் வந்த மூன்றும் மோதிக் குவிந்தன. அவ்வப்போது பாதை முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. 11 வயதுச் சிறுவன் ஒருவன் பாதிப் பந்தயத்தில் கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டு அப்பாவின் அருகில் போய் உட்கார்ந்துகொண்டான். ஏழரை மணிக்குப் பிறகு சில சுற்றுகள் கணக்கில் ஏறாமல் போனதால், இரண்டாம் இடம் யாருக்கு என்பதில் மனத்தாங்கலும் வந்தது. அடுத்த மாதமும் கூடத்தைப் பதிவு செய்திருக்கிறேன். எங்கே தவறினோம் என்பதை அனுபவம் உள்ளவர்கள் தயங்காமல் சொல்ல வேண்டுகிறேன்.

பழையதடம்

நீங்கள் டிஜிட்டல் வண்டிகளை வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் மாலையை அனலாக் முறையிலேயே நடத்தியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அனலாக்கில் தடம்தான் ஓட்டுநர். ஒவ்வொரு தடத்துக்கும் அதன் கன்ட்ரோலர் தனியாக மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அதில் எந்த வண்டியை வைத்தாலும் அந்தக் கன்ட்ரோலருக்குத்தான் அது கட்டுப்படும். எனவே பந்தயம் நடத்துபவரின் வேலை எளிது: நான்கு பேர், நான்கு தடம், ஒவ்வொருவரும் ஒவ்வொரு தடத்திலும் மூன்று நிமிடம், மீதமுள்ளோர் வளைவுகளில் மார்ஷல், அதாவது புரண்ட வண்டியை எடுத்து வைப்பவர். ஒருவரின் வண்டி புரண்டால் பெரும்பாலும் அவர் ஒருவருக்குத்தான் இழப்பு.

டிஜிட்டலில் பாதை முழுவதும் ஒரே மின்னழுத்தம் எப்போதும் இருக்கும். எந்த வண்டி எவ்வளவு வேகம் போக வேண்டும் என்ற கட்டளை அதே தண்டவாளங்கள் வழியாகவே குறியீடாகச் செல்கிறது. ஒவ்வொரு வண்டியிலும் உள்ள மின்னணுச் சில்லு தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டுகிறது. தடத்துக்கும் ஓட்டுநருக்கும் இருந்த உறவு அற்றுப்போய்விட்டதால், ஒருவர் புரண்டால் அவர் கிடக்கும் இடம் எல்லோருக்கும் உரிய இடம்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 18 மீட்டர் பாதையைச் சுற்ற ஏழு விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தரமாக ஓட்டும் ஒருவர் ஐந்து சுற்றுக்கு ஒருமுறை புரள்கிறார் என்றால், அது 35 விநாடிக்கு ஒருமுறை. ஆறு பேர் ஓட்டினால் ஆறு விநாடிக்கு ஒரு வண்டி எங்கேனும் கவிழ்ந்து கிடக்கும். மார்ஷல் அதைப் பார்த்து, எடுத்து, பள்ளத்தில் வைக்க நான்கு விநாடியாவது ஆகும். அதற்குள் பின்னால் வருபவர் அதில் மோதினால் கணக்கு இரண்டாகிறது. பாதை ஒருபோதும் வெறுமையாக இருக்காது. நான்கு பேர் மட்டும் ஓட்டினால் ஒன்பது விநாடிக்கு ஒன்று. மார்ஷலுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஆறு வண்டி ஓடும் என்பது கருவியின் திறன். உங்கள் பாதைக்கும் உங்கள் ஆட்களுக்கும் எத்தனை வண்டி என்பதை நீங்கள்தான் எண்ணிப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

செம்புக்கம்பி

மின்சாரம் நின்றுபோனது பற்றி மட்டும் சொல்கிறேன். ஆறு வண்டிப் பவர் பேஸின் பின்புறத்தில் மின்வழங்கிக்கு இரண்டு துளைகள் இருக்கும். ஒவ்வொரு மின்வழங்கியும் 15 வோல்ட், 4 ஆம்பியர். நீங்கள் ஒன்றை மட்டும் செருகியிருந்தால், ஆறு வண்டிகளும் ஒரே நேரத்தில் புறப்படும்போது மோட்டார்கள் கேட்கும் மின்னோட்டத்தை அது தாங்காது. பந்தயத் தொடக்கத்திலும், நிறுத்தி மீண்டும் தொடங்கும்போதும்தான் மின்சாரம் நிற்கிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

பந்தயத்தின் நடுவில், யாரோ புரண்ட கணத்தில் நிற்கிறது என்றால் காரணம் வேறு. வண்டியின் முன்புறத்தில் உள்ள செம்புப் பின்னல்கள் தேய்ந்து சிலும்பலாகத் தொங்கும்போது, அல்லது வண்டி குறுக்காகச் சரிந்து கிடக்கும்போது, இரண்டு தண்டவாளங்களும் தொட்டுக்கொள்கின்றன. அனலாக்கில் அந்தத் தடம் மட்டும் சாகும். இங்கே பவர் பேஸ் குறுக்குமின்சுற்றை உணர்ந்து பாதை முழுவதையும் நிறுத்திவிடும். எனவே பின்னலைச் சீவி ஒழுங்குபடுத்துவது ஒவ்வொருவருடைய சொந்த விருப்பம் அல்ல. பந்தயத்துக்கு முன் ஒருவர் எல்லா வண்டிகளையும் புரட்டிப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

18 மீட்டரில் பவர் பேஸுக்கு எதிர்ப்புறம் வண்டிகள் சோர்ந்து ஓடுகின்றனவா என்றும் கவனியுங்கள். ஸ்கேலெக்ஸ்ட்ரிக் நேர்த்துண்டு ஒன்று 350 மில்லிமீட்டர் நீளம். அப்படியானால் உங்கள் பாதையில் ஐம்பதுக்கு மேற்பட்ட இணைப்புகள் இருக்கின்றன, ஒவ்வோர் இணைப்பிலும் சிறிது மின்னழுத்தம் இழக்கப்படுகிறது. பாதையின் அடியில் தடித்த கம்பி இழுத்து, நான்கைந்து மீட்டருக்கு ஓர் இடத்தில் தண்டவாளத்தோடு இணைத்துவிடுங்கள். இணைக்கும்போது தண்டவாளங்கள் இடம் மாறிவிடக் கூடாது. எது எதனோடு என்று வண்ண நாடா ஒட்டிக்கொண்டு செய்யுங்கள்.

இரவுப்பந்தயம்

பழையதடம் ஐயாவின் கணக்கை மறுக்க முடியாது. ஆனால் அவர் அடைந்த முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. நான் கரேரா என்ற வேறொரு பிராண்டின் டிஜிட்டல் 132 பாதையில் நண்பர்களோடு ஓட்டுகிறேன், எங்கள் பந்தயங்களில் ஆறு வண்டிகள் ஓடுகின்றன. நெரிசலே இல்லையென்றால் டிஜிட்டல் எதற்கு? முன்னால் போகும் வண்டியின் பின்னால் இரண்டு வளைவுகள் பொறுமையாகக் காத்திருந்து, மூன்றாவதில் அவர் உள்தடத்துக்கு மாறும்போது வெளியே சென்று முந்துவதில் உள்ள இன்பம், நான்கு வண்டிகள் பாதையில் சிதறி ஓடும்போது கிடைக்காது.

ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன். கரேராவில் பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே ஏறத்தாழ 99 மில்லிமீட்டர், ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கில் 78. வளைவில் பின்பகுதி சறுக்கும் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் போவதற்கு அந்த இரண்டு சென்டிமீட்டர் பெரிய உதவி. மேலும் எங்கள் பாதை 30 மீட்டருக்கு மேல். ஆகவே வண்டிகளின் எண்ணிக்கையை மட்டும் பேசுவதைவிட, வண்டிக்கு எத்தனை மீட்டர் என்று பேசுவது பொருத்தமாக இருக்கும்.

பழையதடம்

30 மீட்டரில் ஆறு வண்டி என்றால் வண்டிக்கு ஐந்து மீட்டர். இழையைத் தொடங்கியவருக்கு மூன்று மீட்டர். நீங்கள் என்னை மறுத்ததாக நினைத்துக்கொண்டு என் பக்கம்தான் பேசியிருக்கிறீர்கள், தம்பி.

கைவைத்தவர்

நான் பத்துப் பந்தயத்தில் எட்டில் மார்ஷலாகவே நிற்பவன். ஓட்டுவதைவிட எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆகவே மார்ஷல்கள் குறித்துச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள். பெரும்பாலான புதிய குழுக்கள், ஓட்டாமல் மிஞ்சியவர்களை 'போய் அந்த வளைவில் நில்' என்று சொல்லி முடித்துக்கொள்கின்றன. டிஜிட்டலில் பந்தயத்தின் நேர்மை அவர்கள் கையில்தான் இருக்கிறது.

முதலாவது, எந்த வண்டியை முதலில் எடுப்பது என்பது. அனலாக் பழக்கத்தில், தன் அருகில் விழுந்ததை எடுத்து வைப்பார்கள். மூன்று வண்டிகள் குவிந்து கிடக்கும்போது, குற்றமில்லாமல் மோதப்பட்டவரின் வண்டியை முதலிலும் மோதியவருடையதைக் கடைசியிலும் வைக்க வேண்டும். இதற்கு மார்ஷல் மோதலைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருக்க வேண்டுமென்றால் கையில் தேநீர்க் கோப்பையோ கைப்பேசியோ இருக்கக் கூடாது. நான் கண்டவரை மாலைகளைக் கெடுப்பதில் கைப்பேசிக்கு முதலிடம்.

இரண்டாவது, எங்கே வைப்பது. வண்டி எந்த இடத்தில் புரண்டதோ அந்த இடத்திலேயே வைக்க வேண்டும். தடம் மாறிப்போனால் பாதகமில்லை, ஏனெனில் இங்கே தடத்துக்கு உரிமையாளர் இல்லை. ஆனால் தொடக்கக் கோட்டுக்கு அருகில் புரண்ட வண்டியைக் கோட்டைத் தாண்டி வைத்துவிட்டால் ஒரு சுற்று கணக்கில் ஏறாது. அந்த ஒரு மீட்டருக்கு என்றே கவனமான ஒருவரை நிறுத்துங்கள். தடமாற்றியின் மேல் வைக்கவே கூடாது. அதைத் தாண்டி அல்லது அதற்கு முன் வையுங்கள். இல்லாவிட்டால் வழிகாட்டி முள் பாதி ஒரு பள்ளத்திலும் பாதி இன்னொன்றிலுமாக நிற்கும், ஓட்டுநர் விசையை அழுத்தியதும் மறுபடி புரளும்.

மூன்றாவது, ஓட்டுநர் தன் வண்டி கிடப்பதைப் பார்த்ததும் விசையை விட்டுவிட வேண்டும். மார்ஷல் கையில் இருக்கும் வண்டியின் சக்கரம் சுழன்றுகொண்டிருந்தால், பள்ளத்தில் வைத்த கணமே அது பாய்ந்து அடுத்த வளைவில் விழுகிறது. கவிழ்ந்தவர் தன் எண்ணைச் சொல்லிக் கூவலாம், 'நான்கு, பாலத்தடியில்' என்பதுபோல. மார்ஷலைத் திட்டக் கூடாது; எங்கள் குழுவில் மார்ஷலைத் திட்டுபவர் அடுத்த பந்தயத்தில் ஓட்டுவதற்குப் பதிலாக மார்ஷலாக நிற்பார். இந்த ஒரு விதியால் கூடத்தின் சத்தம் பாதியாகக் குறைந்தது.

நான்காவதாக, மேசை. பாதையின் எந்த இடமும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஏறத்தாழ 75 சென்டிமீட்டருக்கு அப்பால் உள்ள வண்டியை எடுக்கக் குனியும் மார்ஷல், தன் முழங்கையால் இன்னும் இரண்டைத் தள்ளிவிடுவார். எத்தனை அழகான வடிவமாக இருந்தாலும், மார்ஷல் நிற்க இடமில்லாத பாதை பந்தயத்துக்கு ஆகாது. தரையில் பாதை போடும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். கம்பள இழைகள் அச்சில் சுற்றிக்கொள்ளும். நாற்பதைத் தாண்டியவர்களின் இடுப்பும் தாங்காது.

புதுக்கைப்பிடி

கன்ட்ரோலரை வைத்துவிட்டுப் போன சிறுவனைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். என் மகளோடு இப்படியொரு மாலைக்கு முதல்முறை போனபோது எனக்கும் அதே நிலைதான். வேகமாக ஓட்டுபவர்கள் பின்னால் வந்து இடிக்கிறார்கள். எங்கள் வண்டி விழுகிறது. எடுத்து வைத்தால் மறுபடி இடிக்கிறார்கள். நாங்கள் பந்தயத்தில் இருந்தோம் என்று சொல்வதைவிட, அவர்கள் பந்தயத்தில் தடைக்கல்லாக இருந்தோம் என்று சொல்லலாம். புதியவர்களுக்கெனத் தனிப் பந்தயம் வைத்தால் அதுவும் சிறுமையாகப் படுகிறது. இதற்கு வழியுண்டா?

இரவுப்பந்தயம்

உண்டு அம்மா. கரேராவின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் வண்டிவாரியாக உச்ச வேகத்தைக் குறைத்து வைக்கலாம். விசையை முழுதாக அழுத்தினாலும் வண்டி வளைவில் பறக்காது. உங்கள் மகளின் வண்டியை அப்படி அமைத்து, அவர் ஐந்து சுற்றுகள் புரளாமல் ஓட்டியதும் ஒரு படி ஏற்றலாம். வேகமாக ஓட்டிப் புரள்பவரைவிட, மெதுவாக ஓட்டி ஒருமுறையும் புரளாதவர் 20 நிமிட முடிவில் அதிகச் சுற்றுகள் எடுத்திருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். புரளும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு சுற்று போய்விடுகிறது அல்லவா?

இடிப்பவர்களுக்கு விதி வேண்டும். பின்னால் இருந்து இடித்தால் பின்னால் வந்தவருடைய குற்றம். முன்னால் போனவர் வளைவுக்கு முன் வேகம் குறைத்தார் என்பது காரணமாகாது. தடம் மாறி அடுத்த தடத்தில் இருந்தவரின் விலாவில் குத்தினால் மாறியவர் குற்றம். இரண்டிலும், விழுந்தவர் மீண்டும் பள்ளத்தில் ஏறி நகரும்வரை இடித்தவர் தன் இடத்திலேயே நின்று காத்திருக்க வேண்டும். நேரத் தண்டனை, சுற்றுக் குறைப்பு என்று கணினியில் போடுவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது. காத்திருக்கும் மூன்று விநாடிகளும் எல்லோருடைய கண்ணும் அவர்மேல் இருக்கும்.

மூன்றாம்வளைவு

எல்லோருக்கும் நன்றி. மின்வழங்கி ஒன்றுதான் செருகியிருந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்று பெட்டியிலேயே உறையோடு கிடந்தது. அடுத்ததாக இரண்டு கேள்விகள். அவரவர் வண்டியைக் கொண்டுவரச் சொல்வதா, குழு ஒரே வகை வண்டிகளை வாங்கி வைப்பதா? காந்தத்தைக் கழற்றிவிட்டு ஓட்ட வேண்டும் என்று எங்களில் சிலர் வற்புறுத்துகிறார்கள், அதைச் செய்யலாமா?

பழையதடம்

முதல் ஆண்டில் குழுவின் வண்டிகளே நல்லது. ஒரே வடிவம், ஒரே மோட்டார், ஒரே டயர். வண்டிகள் குழுவுடையவையாக இருந்தால், ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஓட்டுநர்கள் வண்டியை மாற்றிக்கொள்ளலாம். அனலாக்கில் தடம் மாற்றி மாற்றி ஓட்டி நேர்மையை உறுதி செய்தோமே, அதே வேலையை இங்கே வண்டி மாற்றம் செய்யும். பழைய அனலாக் வண்டிகளைக் கொண்டுவர விரும்புகிறவர்களும் இருப்பார்கள். சில்லைச் செருகிக்கொள்ளும் வசதியோடு வந்த வண்டிகளில் சில நிமிட வேலைதான். அதற்கு முந்தையவற்றில் பற்றவைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

காந்தம் பற்றி. வண்டியின் அடியில் உள்ள காந்தம் எஃகுத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்வதால் வளைவுகளில் வண்டி ஒட்டிக்கொண்டு போகும். கழற்றினால் பின்பகுதி சறுக்கும், வேகம் குறையும், ஓட்டுவது அழகாக இருக்கும். அனலாக்கில் நான் காந்தம் வைத்து ஓட்டி இருபது ஆண்டுகள் ஆகின்றன. இருந்தும் உங்களுக்குக் கழற்றாதீர்கள் என்றே சொல்வேன். காந்தமில்லாத வண்டியைப் பின்னால் இருந்து லேசாகத் தொட்டாலே சுழன்று இரண்டு தடங்களையும் மறித்துக்கொண்டு கிடக்கும். புரளும் எண்ணிக்கை குறையட்டும், பிறகு கழற்றலாம்.

இடையில் ஒரு செய்தி, பொறுத்தருள்க. ஃப்ரெட் ஃபிரான்சிஸ் என்பவர் 1952-இல் சாவி கொடுத்தால் ஓடும் ஸ்கேலெக்ஸ் வண்டிகளை உருவாக்கினார்; அவற்றுக்கு மின் மோட்டார் பொருத்தி 1957-இல் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் வைத்தபோதுதான் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பெயர் பிறந்தது. டிஜிட்டல் வந்தது 2004-இல். ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் ஒரு தடத்துக்கு ஒரு வண்டி என்று ஓட்டிப் பழகிய பொழுதுபோக்கு இது. அந்தப் பழக்கம் எங்களைப் போன்றவர்களின் கையை விட்டுப் போக நாளாகும்.

செம்புக்கம்பி

இரண்டு வண்டிகள் ஒரே கன்ட்ரோலருக்கு ஓடியதையும், சுற்றுகள் காணாமல் போனதையும் பற்றி யோசித்தேன்.

முதலாவது எளிது. வண்டிக்கு எண் கொடுக்கும்போது பாதையில் அந்த ஒரு வண்டி மட்டும்தான் இருக்க வேண்டும். வேறொன்று பாதையில் நின்றிருந்தால் அதுவும் அதே எண்ணை வாங்கிக்கொள்ளும். கூட்டம் சேருமுன் ஒருவர் தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண் கொடுத்து, கூரையில் அந்த எண்ணை ஒட்டிவிடட்டும். அதன்பிறகு அந்தக் கட்டளையை யாரும் தொடக் கூடாது.

இரண்டாவதற்கு விடை நீங்கள் எழுதிய நேரத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வண்டியின் அடியிலும் அகச்சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. அது வண்டிக்கு வண்டி வேறுபட்ட அதிர்வெண்ணில் துடிக்கிறது. தொடக்கக் கோட்டிலும் தடமாற்றிகளிலும் பள்ளத்தின் அருகே உள்ள உணரிகள் அந்தத் துடிப்பைப் படித்துத்தான் எந்த வண்டி கடந்தது என்று அறிகின்றன. சூரிய ஒளியில் அகச்சிவப்பு நிறைய இருக்கிறது. ஜூன் மாத இங்கிலாந்தில் இரவு ஒன்பதரை மணியளவில்தான் சூரியன் மறைகிறது. ஏழரை மணிக்கு அது மேற்கே தாழ்ந்து சாய்வாக அடிக்கும். உங்கள் தொடக்கக் கோடு மேற்கு ஜன்னலை நோக்கி இருந்ததா?

மூன்றாம்வளைவு

இருந்தது. பவர் பேஸுக்கான மின்செருகி அந்தச் சுவரில்தான் இருந்தது என்பதால் அங்கே வைத்தோம். இரண்டாம் இடத்துக்காகக் கோபித்துக்கொண்ட நண்பருக்கு உங்கள் பதிவை அப்படியே அனுப்பியிருக்கிறேன்.

செம்புக்கம்பி

திரைச்சீலை போடுங்கள், அல்லது தொடக்கக் கோட்டுக்கு மேல் அட்டையில் ஒரு பாலம் செய்து நிழல் கொடுங்கள். விளம்பரப் பலகை போல வண்ணம் தீட்டினால் அலங்காரமாகவும் இருக்கும். கூடத்தில் பழைய ஹாலஜன் விளக்குகள் இருந்தால் அவற்றின் நேர் கீழேயும் உணரிகள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியின் அடியில் உள்ள விளக்கைத் தூசி மூடியிருந்தாலும் இதே கோளாறு வரும். பஞ்சுக் குச்சியால் துடைத்துவிட்டால் போதும்.

புதுக்கைப்பிடி

எரிபொருள், டயர் தேய்மானம், மழை என்றெல்லாம் செயலிகளில் வருகிறதே, அவற்றையும் சேர்த்துக்கொண்டால் சுவை கூடுமா?

இரவுப்பந்தயம்

கூடும், ஆனால் முதல் மாலையில் கூடாது. எரிபொருள் கணக்கை இயக்கினால், விசையை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு விரைவாகத் தொட்டி காலியாகும்; எரிபொருள் நிரப்பும் இடமான பிட்டுக்குள் நுழைந்து நிற்க வேண்டும். கரேராவின் ஓர் அமைப்பில் தொட்டி நிறைந்த வண்டி சற்று மெதுவாகவே ஓடும், காலியாகக் காலியாக வேகம் பிடிக்கும். எப்போது பிட்டுக்குப் போவது என்பதே ஒரு தனி ஆட்டமாகிறது. மூவர் கொண்ட அணிகளாகப் பிரித்து ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று ஓட்டும் பந்தயங்களுக்கு இது மிகப் பொருத்தம்: ஒருவர் ஓட்ட, ஒருவர் மார்ஷலாக நிற்க, ஒருவர் எரிபொருளைப் பார்த்துச் சொல்ல, முறை மாறிக்கொள்ளலாம்.

அப்படி நீண்ட பந்தயங்களில் ஆசை வந்து, ஆறு வண்டிக்கு மேலும் வேண்டும் என்று தோன்றினால், இத்தாலிய ஸ்லாட்.இட் நிறுவனத்தின் ஆக்சிஜன் முறையைப் பாருங்கள். கட்டளைகள் தண்டவாளம் வழியாக அல்லாமல் வானொலி அலையில் நேரே வண்டிக்குப் போகின்றன. 20 வண்டிகள்வரை ஓடும். இதைச் சொன்னதற்குப் பழையதடம் ஐயா என்னைக் கடிந்துகொள்வார் என்று தெரியும்.

பழையதடம்

20 வண்டிகள், வண்டிக்கு ஐந்து மீட்டர் என்றால் 100 மீட்டர் பாதை. நீங்கள் கட்டுங்கள், மார்ஷலாக நான் வருகிறேன்.

மூன்றாம்வளைவு

இரண்டாம் மாலை சென்ற சனிக்கிழமை நடந்து முடிந்தது. விவரம் எழுதுகிறேன்.

12 பேரையும் நால்வர் கொண்ட மூன்று அணிகளாகப் பிரித்தோம். ஓர் அணி ஓட்ட, ஓர் அணி மார்ஷலாக நிற்க, ஓர் அணி ஓய்வும் கணக்கும். பந்தயம் ஒவ்வொன்றும் 15 நிமிடம். ஒவ்வோர் அணியும் இருமுறை ஓட்டியது, வண்டிகளை இடையில் மாற்றிக்கொண்டார்கள். ஆக ஆறு பந்தயங்களும் எட்டே கால் மணிக்குள் முடிந்துவிட்டன. மாலை முழுவதிலும் மின்சாரம் இரண்டே முறை நின்றது. இரண்டு முறையும் ஒரே வண்டியின் பின்னல்தான் காரணம், அதைச் சோதித்து ஒப்புதல் கொடுத்தவனும் நானே. சுற்று எதுவும் காணாமல் போகவில்லை. அட்டைப் பாலத்தை அந்தச் சிறுவன் தன் வீட்டில் செய்து, மஞ்சள் வண்ணம் பூசிக் கொண்டுவந்திருந்தான்.

எங்கள் பவர் பேஸில் வண்டிவாரியாக வேகம் குறைக்கும் வழி எனக்குப் பிடிபடவில்லை. அதனால் சிறுவனின் கன்ட்ரோலரில் விசைக்குப் பின்னால் ஒரு சிறு தக்கைத் துண்டை ஒட்டி, முழுதாக அழுத்த முடியாதபடி செய்தோம். முதல் பந்தயத்தில் நால்வரில் மூன்றாவதாக வந்தான். இரண்டாவதில் தக்கையை எடுத்துவிடச் சொன்னான், எடுத்தோம், நான்காவதாக வந்தான். ஆனால் கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை.

மார்ஷலைத் திட்டினால் மார்ஷலாக நிற்க வேண்டும் என்ற விதிக்கு ஒருவர் மட்டும் ஆளானார். யார் என்று சொல்லமாட்டேன். கூடத்தை வாடகைக்கு எடுத்தவர் என்று மட்டும் சொல்லலாம்.

எட்டே காலுக்குப் பிறகு நேரம் மிச்சமிருந்ததால், ஆறு வண்டிகளையும் விட்டுப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தோம், பரிசு எதுவும் இல்லாமல். பழையதடம் ஐயா கணக்கிட்டபடியே நடந்தது. சிரிப்புக்குக் குறைவில்லை, மார்ஷல்கள் நால்வருக்கும் வியர்த்துவிட்டது. போட்டிக்கு நான்கு, கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஆறு என்று வைத்துக்கொள்ளப்போகிறோம். பாதையை 24 மீட்டராக நீட்டிவிட்டு ஐந்தாவது வண்டியைச் சேர்க்கலாமா என்று ஆகஸ்டில் பார்க்க வேண்டும்.

கைவைத்தவர்

24 மீட்டருக்கு நீட்டும்போது புதிய வளைவுகளை மேசையின் நடுவில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். வரைபடத்தை இங்கே போடுங்கள். மார்ஷல் எங்கே நிற்பார் என்று குறித்துத் தருகிறேன்.

மூன்றாம்வளைவு

இன்றிரவு வரைந்து போடுகிறேன். மேசைகள் ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் நீளம், கூடத்தில் பத்து இருக்கின்றன. மின்செருகி இன்னமும் மேற்குச் சுவரில்தான்.